தைமஸைச் சுருக்கும் ஹார்மோன்களும் செதுக்கும் ஹார்மோன்களும்

1930-களின் நடுவில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர் புதிய பாலின ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். பிறகு அறுத்துப் பார்த்தபோது அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது, இரைப்பையில் புண் வந்திருந்தது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிப் போயிருந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால் சிறுநீரகச் சாறு, மண்ணீரல் சாறு, ஏன், ஃபார்மலின் கொடுத்தபோதும் அதே மூன்று மாற்றங்கள்தான். எலியின் உடல் எந்த வகையில் வதைபட்டாலும் தைமஸ் சுருங்கியது. அட்ரினலை முன்கூட்டியே அகற்றிய எலிகளில் மட்டும் அது சுருங்கவில்லை. 1936-ல் அவர் வெளியிட்ட இந்த முடிவுகளிலிருந்துதான் 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று நாம் பேசுவதன் அறிவியல் தொடங்குகிறது.

தைமஸ் எதற்காக இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அந்தக் குட்டிகளின் நோய் எதிர்ப்பு குலைந்தது. வேறு இன எலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடல் அதை நிராகரிக்கவில்லை. நோய் எதிர்ப்பில் முக்கியப் பங்கு வகிக்கும் வெள்ளையணுக்களான டி செல்கள் உருவாகும் இடம் இதுதான் என்பது அதன் பிறகே தெளிவானது.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் இந்தச் சுரப்பிக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து முன்னோடி செல்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி, புரதங்களை அடையாளம் காண உதவும் ஒரு ஏற்பியைத் தனக்கென உருவாக்கிக்கொள்கிறது. இது குருட்டாம்போக்கில் நடப்பதால் பெரும்பாலான ஏற்பிகள் உதவாதவை. சில நம் உடலையே தாக்கக்கூடியவை. ஆகவே சோதனை நடக்கிறது. உடலின் சொந்தப் புரதங்களை ஓரளவு அடையாளம் காணும் செல் பிழைக்கும். எதையுமே அடையாளம் காணாதது சாகும். சொந்தப் புரதத்தோடு இறுகப் பிணைவதும் பெரும்பாலும் சாகும். உள்ளே வரும் செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியேறுவதில்லை.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை பெரும்பாலும் ஹார்மோன் என்ற சொல் வராமலே முடிந்துவிடுகிறது. அது பெரிய குறை என்பேன். எத்தனை செல்கள் தேறும், எந்த ஏற்பி தேறும் என்ற இரண்டிலும் ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு.

உடல் வதைபடும்போது அட்ரினல் சுரக்கும் ஸ்டெராய்டு ஹார்மோனான கார்டிசாலையே எடுத்துக்கொள்வோம். தைமஸின் வெளிப்பகுதியில் நெருக்கியடித்துக் கிடக்கும் இளம் செல்கள் சிடி4, சிடி8 என்ற இரண்டு குறிப்பான்களையும் ஒருசேரச் சுமப்பவை. தைமஸின் செல்களில் சுமார் 80 சதவீதம் இவைதான். மரணத்தைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் இவற்றில் மிகக் குறைவு. கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது; இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், மரணத்தைத் தூண்டும் மரபணுக்களை முடுக்குகின்றன. சில மணி நேரத்தில் செல் தன் டிஎன்ஏவைத் தானே நறுக்கிக்கொள்ளும். 1980-ல் ஆண்ட்ரூ வைலி, ஸ்டெராய்டு கொடுத்த தைமஸ் செல்களின் டிஎன்ஏவைப் பிரித்தபோது, அது ஏணிப்படிபோல் ஒரே அளவின் மடங்குகளாக நறுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட செல் மரணத்துக்கு அந்த ஏணி பல ஆண்டுகள் அடையாளமாகவே இருந்தது. செத்த செல்களை அருகிலுள்ள மேக்ரோபேஜ்கள் விழுங்கிவிடும். உட்பகுதிக்குப் போய் முதிர்ந்துவிட்ட செல்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

கடும் காய்ச்சல், பட்டினி, அறுவை சிகிச்சை, நீண்ட நோய் எல்லாமே தைமஸைச் சுருக்குவது இதனால்தான். பட்டினியில், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. காரணம் நீங்கினால் குழந்தைகளில் சுரப்பி திரும்ப வளரும்.

இது தெரியாமல் மருத்துவம் ஒரு பெரிய தவறு செய்தது. திடீரென இறந்த குழந்தைகளின் உடலில் தைமஸ் பெரிதாக இருந்ததைப் பார்த்து, அது மூச்சுக்குழாயை நெரித்துக் கொன்றுவிட்டது என்று 19-ம் நூற்றாண்டு மருத்துவர்கள் நம்பினார்கள். அவர்கள் இயல்பு என்று கருதிய அளவு, நெடுநாள் நோயில் நலிந்து இறந்தவர்களின் சுருங்கிய தைமஸ். திடீரென இறந்த குழந்தையிடம் இருந்ததுதான் ஆரோக்கியமான தைமஸ். ஆனாலும் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே பாய்ச்சி, நல்ல நிலையில் இருந்த சுரப்பியைச் சுருக்கினார்கள். அப்படிக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் தைராய்டு புற்றுநோய் தென்படுவது 1950-ல் சுட்டிக்காட்டப்பட்டது.

கார்டிசால் வெறும் கொலையாளி என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். 1990-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜொனாதன் ஆஷ்வெல் குழுவினர் வியப்பான ஒன்றைக் கவனித்தார்கள். ஸ்டெராய்டு மட்டும் கொடுத்தால் செல் சாகிறது. புரதங்களை அடையாளம் காணும் டி செல் ஏற்பி வழியாக வலுவான சமிக்ஞை மட்டும் கொடுத்தாலும் சாகிறது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் பிழைக்கிறது! ஒன்றின் மரண ஆணையை மற்றொன்று ரத்து செய்கிறது. தைமஸின் சட்டகமாக அமைந்த எபிதீலிய செல்களே சிறிதளவு ஸ்டெராய்டைத் தயாரிப்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆக, சோதனை நடக்கும் இடத்திலேயே சுரக்கும் ஸ்டெராய்டு, சொந்தப் புரதத்தோடு சற்று வலுவாகப் பிணையும் செல்களுக்கும் வாழ இடம் தருகிறது என்பது அவர்களின் விளக்கம். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இந்த விளக்கம் வலுவாகவே படுகிறது.

பாலின ஹார்மோன்களின் கதை இன்னும் பழையது. விரை நீக்கிய முயல்களின் தைமஸ் பெரிதாக இருப்பதை இத்தாலியர் கால்சோலாரி 1898-லேயே பதிவு செய்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் எபிதீலிய செல்கள் வழியாகவே வேலை செய்கிறது. இளம் செல்களை டி செல் பாதைக்குத் திருப்பும் டிஎல்எல்4 என்ற புரதத்தை அது குறைக்கிறது. ஆனாலும் வயதாக ஆக தைமஸ் கொழுப்பாக மாறுவதற்குப் பருவமடைதலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அந்தத் தேய்வு குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அளவைவிட முக்கியமானது தரம். தைமஸின் உட்பகுதி செல்களில் ஏர் என்றொரு மரபணு இருக்கிறது. கணையம் சுரக்க வேண்டிய இன்சுலின் உட்பட, உடலின் பல்வேறு உறுப்புகளின் புரதங்களைத் தைமஸுக்குள்ளேயே தயாரிக்க வைப்பது அதுதான். அந்தப் புரதங்களைத் தாக்கத் துடிக்கும் செல்கள் அங்கேயே களையெடுக்கப்படுகின்றன. ஆண் ஹார்மோன் ஏரைக் கூட்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது என்று 2016-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. நோய் எதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயில், நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எக்ஸ் குரோமோசோம் உட்பட வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அதற்கான காரணங்களில் ஒன்று இங்கே இருக்கலாம்.

கர்ப்பத்திலும் தைமஸ் சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் செய்யும் வேலை. அதே நேரத்தில் வியன்னாவில் ஜோசப் பென்னிங்கரின் குழு 2021-ல் எலிகளில் கண்டது இது: எபிதீலிய செல்களில் உள்ள ரேங்க் என்ற ஏற்பி வழியாக, எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கர்ப்ப காலத்தில் கூடுகின்றன. அந்த ஏற்பியை நீக்கினால் கருச்சிதைவு அதிகரித்தது. பாதி மரபணுக்களை தந்தையிடமிருந்து பெற்ற சிசுவைத் தாயின் உடல் பொறுத்துக்கொள்வதற்கு இந்தச் செல்கள் உதவுகின்றன.

தேய்ந்த தைமஸை மீட்க முடியுமா? வளர்ச்சி ஹார்மோன் எச்ஐவி நோயாளிகளில் தைமஸின் அளவைக் கூட்டியதைக் கண்டு, கலிஃபோர்னியாவில் 9 ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையின் முடிவை 2019-ல் வெளியிட்டார்கள். எம்ஆர்ஐ படங்களில் கொழுப்பு குறைந்து, தைமஸ் திசு மீண்டதற்கான அறிகுறி தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது என்பதால், அந்த 9 பேருக்கும் டிஎச்இஏ என்ற ஹார்மோனையும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தையும் சேர்த்தே கொடுத்தார்கள்.