பனி பெய்யாவிட்டால் சறுக்குபவர்கள் எங்கே போவார்கள்?

2023 ஜனவரி தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடன் கிராமத்தில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. அப்போது எடுத்த படங்களைப் பார்த்தால் கண் ஒரு நொடி தடுமாறும். சுற்றிலும் புல்வெளி. நடுவில், மேலிருந்து அடிவாரம் வரை ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, ஆற்றங்கரையில் வேட்டியை விரித்துக் காயப்போட்டது போல. அந்த வெள்ளை எந்திரத்தில் தயாரித்த பனி. வீரர்கள் அதன் மேல்தான் வளைந்து வளைந்து இறங்கினார்கள்.

அந்த வீரர்களைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. பனி இருக்கும் இடம் தேடி உலகம் சுற்றுகிறவர்கள் அவர்கள். வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரி ஊர்களுக்கு வரும் சாதாரணக் குடும்பங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மழை பொய்ப்பது போல நாலைந்து குளிர்காலம் தொடர்ந்து பனி பொய்த்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? வேறு மலைக்குப் போவார்களா, வீட்டிலேயே இருந்துவிடுவார்களா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்திருக்கும் பதில் நாம் சட்டென்று நினைப்பதைவிடச் சிக்கலானது.

முதலில் மலையைப் பார்ப்போம். மேலே ஏற ஏறக் காற்று குளிரும், 100 மீட்டருக்குச் சராசரியாக 0.65 டிகிரி. இதையே திருப்பிப் போட்டால், உலகம் 1 டிகிரி சூடாகும்போது பனி நிலைக்கும் எல்லை மலையில் சுமார் 150 மீட்டர் மேலே ஏறிவிடும். 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளத்துக்கு இது பெரிய அடி இல்லை. 1,200 மீட்டரில் இருக்கும் கிராமத்துக்கு இதுதான் வாழ்வா சாவா. ஆல்ப்ஸ் பகுதியில் ஒரு பழைய கணக்கு உண்டு: பருவத்தில் 100 நாளாவது 30 சென்டிமீட்டர் பனி கிடந்தால்தான் ஒரு சறுக்குத் தளம் பிழைக்கும்.

1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் மூன்று குளிர்காலம் அடுத்தடுத்துப் பொய்த்தன. தாழ்வான ஊர்களில், சறுக்குபவர்களை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுகள் சும்மா நின்றன. அதே சமயம் உயரமான தளங்களிலும் பனியாறு உள்ள இடங்களிலும் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். அதாவது ஆட்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் முறையான ஆய்வுகள் கிளம்பின. 1997இல் வந்த ஒரு சுவிஸ் ஆய்வு, அப்போது பனிக்கு நம்பகமாக இருந்த தளங்கள் 85 சதவீதம் என்றும், 2 டிகிரி கூடினால் அது 63 சதவீதமாக இறங்கும் என்றும் கணித்தது. பிறகு 2007இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி ஆல்ப்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 666 தளங்களில் 609 நம்பகமானவை, 2 டிகிரியில் அவை 404 ஆகும், 4 டிகிரியில் 202 மட்டுமே மிஞ்சும் என்றது.

சரி, எந்திரத்தில் பனி தயாரித்துவிட்டால்? அது பிறந்த கதையே பனி பொய்த்த குளிர்காலத்தில்தான் தொடங்குகிறது. 1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் பனி சரியாகப் பெய்யவில்லை. அங்கே மொஹாக் மலைச் சறுக்குத் தளத்தின் உரிமையாளர் ஐஸ் கட்டிகளை லாரி லாரியாக வரவழைத்துப் பொடித்துச் சரிவில் பரப்பினார். அதே மாநிலத்தில் சறுக்குப் பலகை செய்து விற்றுக்கொண்டிருந்த மூன்று பேர் வியாபாரம் படுத்துவிட்டதால், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரையும் தோட்டத்துக் குழாயையும் இணைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். பனி விழுந்தது. இன்றைய பனிப் பீரங்கிகள் எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

அது வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதே இல்லை, மண்பானைத் தத்துவம்தான். பானையின் வெளிப்புறம் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால் நன்றாகக் குளிரும், புழுக்கமான நாளில் பானை அவ்வளவாகக் குளிராது. பனிப் பீரங்கியிலிருந்து பறக்கும் நீர்த்துளியும் அப்படித்தான், பறக்கும்போதே ஓரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. இதனால் வெப்பமானி 0 டிகிரி காட்டினாலும் காற்று நன்றாக உலர்ந்திருந்தால் பனி தயாரிக்கலாம். மைனஸ் 1 காட்டியும் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் முடியாது. துளி குளிர்ந்தால் மட்டும் போதாது, உறைவதற்கு ஒரு விதையும் வேண்டும். பீரங்கியில் அழுத்தி அடைத்த காற்று வெளியே பாய்ந்து விரியும்போது சட்டெனக் குளிர்ந்து நுண்ணிய ஐஸ் துகள்களை உண்டாக்குகிறது. மற்ற துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு உறைகின்றன.

ஆனால் இதற்கும் குளிர் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் பனி போட 10 லட்சம் லிட்டர் தண்ணீராவது செலவாகும். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 28 நாடுகளில் உள்ள 2,234 தளங்களை ஆராய்ந்தது. செயற்கைப் பனி இல்லாவிட்டால், 2 டிகிரியில் 53 சதவீதத் தளங்களும் 4 டிகிரியில் 98 சதவீதத் தளங்களும் மிக அதிகமான பனித் தட்டுப்பாட்டு அபாயத்தில் சிக்கும் என்பது அதன் கணக்கு. சில இடங்களில் வசந்தத்தில் மிஞ்சும் பனியைக் குவித்து மரத்தூள் போட்டு மூடிக் கோடை முழுக்கக் காப்பாற்றி, இலையுதிர் காலத்தில் எடுத்து விரிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அப்படிச் செய்கிறார்கள். சென்னை மெரினாவின் ஐஸ் ஹவுஸுக்கு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஐஸும் மரத்தூளில் பொதிந்துதான் வந்தது. அதே உத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது மனிதர்களுக்கு வருவோம். பனி இல்லாதபோது சறுக்குபவருக்கு மூன்று வழிகள். இடத்தை மாற்றலாம், காலத்தை மாற்றலாம், அல்லது சறுக்குவதையே விட்டு வேறு எதையாவது செய்யலாம். இதில் யார் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று 1996இல் ஆஸ்திரேலியச் சரிவுகளில் நேரடியாகவே கேட்டார்கள். அடுத்த ஐந்து குளிர்காலமும் இயற்கைப் பனி மிகக் குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 25 சதவீதம் பேர் இப்போது போலவே இங்கேயே வருவோம் என்றார்கள். 31 சதவீதம் பேர் இங்கேதான், ஆனால் வருவது குறையும் என்றார்கள். 38 சதவீதம் பேர் வெளிநாட்டுக்குப் போவோம் என்றார்கள். 6 சதவீதம் பேர் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தில் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் பனி நிச்சயமான வேறு தளத்துக்கு மாறுவோம் என்றார்கள். அங்கே அது எளிது. ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் இன்னும் உயரமான ஊர் வந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் அந்த வசதி கிடையாது. நாட்டின் பெருநிலத்தில் மிக உயர்ந்த மலையே 2,228 மீட்டர்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். 2006இல் அங்கே மிக மோசமான குளிர்காலம். நீண்டகாலமாகப் பனி அளந்துவரும் ஸ்பென்சர்ஸ் க்ரீக்கில் அந்த வருஷத்தின் உச்சமே 1 மீட்டரைத் தொடவில்லை. மறு ஆண்டு, 2007இல், மீண்டும் கேட்டார்கள். இந்த முறை 69 சதவீதம் பேர் சறுக்குவதைக் குறைத்துக்கொள்வோம் என்றார்கள். வெளிநாடு போய் அதே அளவு சறுக்குவோம் என்றவர்கள் 16 சதவீதம்தான். 5 சதவீதம் பேர் விட்டுவிடுவோம் என்றார்கள்.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனி இல்லாத வருஷத்தை உடம்பால் அனுபவித்த பிறகு, ‘வேறு இடத்துக்குப் போவேன்’ என்ற பதில் சுருங்கி ‘குறைத்துக்கொள்வேன்’ என்பது வீங்கிவிட்டது. என் பார்வையில் மொத்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். இடம் மாறுவதற்குப் பணம் வேண்டும், விடுமுறை வேண்டும், மனசும் வேண்டும். குறைத்துக்கொள்வதற்கு எதுவுமே வேண்டாம்.

சொல்வது ஒன்று, செய்வது வேறு என்பதும் உண்டே. அதைப் பார்க்க உண்மையான வருகைக் கணக்கு வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஹாமில்டனும் சக ஆய்வாளர்களும் இரண்டு சறுக்குத் தளங்களின் தினசரி வருகைக் கணக்கை எடுத்து, அன்றன்றைய வானிலையோடு ஒப்பிட்டார்கள். 2007இல் வந்த அந்த ஆய்வின் முடிவு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. மலையில் பனி பெய்ததா என்பது வருகையைப் பாதித்தது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே, மலையிலிருந்து வெகு தூரத்தில் உள்ள பாஸ்டன் நகரத்தில் பனி பெய்ததா என்பதும் அதற்கு ஈடாகப் பாதித்தது. ஆய்வாளர்கள் இதற்குக் கொல்லைப்புற விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் புரியும். மலையில் எந்திரம் போட்டு எவ்வளவு பனி கொட்டியிருந்தாலும், ஜன்னலைத் திறந்தால் ஈர மண்ணும் மொட்டை மரமும்தான் தெரிகிறது என்றால், பாஸ்டன்காரருக்குச் சறுக்குப் பலகையை எடுக்கத் தோன்றாது. வாசலில் பனி கிடந்தால் சனிக்கிழமை காலையில் காரைக் கிளப்பிவிடுவார். வசந்தத்திலும் இதே கதைதான். மார்ச் கடைசியில் மலையில் பனி ஆளுயரம் கிடக்கும், ஆனால் நகரத்தில் வெயில் வந்ததும் மனசு தோட்டத்துக்கும் சைக்கிளுக்கும் போய்விடும். காலத்தை மாற்றிக்கொள்வது என்ற வழி ஏட்டில் தெரிவது போல எளிதில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது இன்னும் கடினம். கிறிஸ்துமஸ் வாரமும் பிப்ரவரி விடுமுறையும் பொய்த்தால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

ஒருநாள் பயணம் வருபவர் காலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். ஒரு வாரம் தங்குபவர் பல மாதம் முன்பே அறை பதிவு செய்துவிட்டிருப்பார், பனி இல்லாவிட்டாலும் வந்துவிடுவார். அவருடைய ஏமாற்றம் அடுத்த வருஷப் பதிவில்தான் தெரியும். அங்கேயே வீடு வாங்கியவர்கள், தாத்தா காலத்திலிருந்து ஒரே ஊருக்கு வருபவர்கள் இன்னும் மெதுவாகத்தான் நகர்வார்கள். பெரிய நிறுவனங்கள் இதை நன்றாகப் படித்துவைத்திருக்கின்றன. பல சறுக்குத் தளங்களை நடத்தும் அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2008இல் எபிக் பாஸ் என்ற பருவச் சீட்டைக் கொண்டுவந்தது. பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டினால் பல மலைகளில் சறுக்கலாம். ஒரு மலையில் பனி இல்லையா, இன்னொன்றுக்குப் போங்கள். ஆட்கள் நகர்கிறார்கள், பணம் நகர்வதில்லை. ஒற்றை மலையை மட்டும் நம்பியிருக்கும் சின்னத் தளத்தால் இப்படிச் செய்ய முடியாது.

போவதற்கு இன்னோர் இடம் இருந்தால்தான் இந்தப் பேச்செல்லாம். பொலிவியாவின் அரசு இயங்கும் நகரமான லா பாஸுக்கு அருகே சக்கல்டாயா மலையில், 5,000 மீட்டருக்கும் மேல், ஒரு பனியாறு இருந்தது. அந்த நாட்டின் ஒரே சறுக்குத் தளம் அதுதான். 2009இல் பனியாறு முழுவதுமாகக் கரைந்து மறைந்தது. அங்கே சறுக்கப் பழகியவர்களுக்கு, ஏறிப் போக இன்னும் உயரமான தளம் எதுவும் நாட்டுக்குள் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் இடத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். மேலே பார்த்த கணக்குகள் எல்லாம் ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்களைப் பற்றியவை. அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள்? பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன, தாழ்வான, மலிவான மலையில்தான். நியூ ஹாம்ப்ஷயரில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்படிப்பட்ட சின்னத் தளங்கள் ஏராளமாக இருந்தன. பெரும்பாலானவை இன்று இல்லை. முதல்முறை பலகையில் நிற்கப் போகும் ஏழு வயதுப் பிள்ளைக்காக யாரும் ஆல்ப்ஸின் உச்சிக்கு டிக்கெட் எடுப்பதில்லை. தெரிந்தவர் இடம் மாறுவார். தெரியாதவர் தொடங்கவே மாட்டார், இது எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பு. இருபது வருஷம் கழித்து உயரமான தளங்களுக்கும் ஆள் வர வேண்டும் அல்லவா?

பிரான்ஸின் ஜூரா மலையில் உள்ள மெதாபியெஃப் என்ற தளம், ஆட்கள் விட்டுப்போகும் வரை காத்திருக்கவில்லை. அதன் உச்சியே 1,500 மீட்டருக்குக் கீழேதான். 2030க்கும் 2035க்கும் நடுவில் பனிச்சறுக்கு முடிந்துவிடும் என்று கணக்கிட்டு, இருக்கும் லிஃப்டுகளைப் பராமரித்துக்கொண்டே மலைச் சைக்கிள் போன்ற கோடை வேலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

அதே பிரான்ஸில் பிரனீஸ் மலையில் உள்ள லூஷோன்-சூப்பர்பான்யேர் தளம் 2020 பிப்ரவரியில் வேறு வழியில் போனது. பள்ளி விடுமுறை நெருங்கியபோது கீழ்ச்சரிவுகள் வெறுமையாகக் கிடந்தன. மேலே மலையில் கிடந்த பனியில் சுமார் 50 டன்னை ஹெலிகாப்டரில் அள்ளி வந்து கொட்டினார்கள். சூழல் ஆர்வலர்கள் கொதித்தார்கள், அமைச்சரே கண்டித்தார். கண்டித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பனி எங்கே கொட்டப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. தேர்ந்தவர்களின் செங்குத்துச் சரிவுகளில் இல்லை. சறுக்குப் பள்ளியில் பிள்ளைகள் முதன்முதலாகப் பழகும் சின்னச் சரிவுகளில்.