டி.என்.இ.ஏ.ல சீட் வந்துடுச்சு, இப்ப எத அமுக்கணும்?

ஜூலை ஆகஸ்ட் வந்துட்டா ராத்திரி பத்து மணிக்கு மேலதான் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணா, அலாட்மென்ட் வந்துடுச்சுண்ணா, இ.சி.இ. கெடச்சிருக்கு, அஞ்சு ஆப்ஷன் காட்டுது, எத அமுக்கறது?" இதான் முதல் கேள்வி, எப்பவும். எங்க ஊர் இ-சேவை மையத்துல கொஞ்ச வருஷம் உக்காந்திருந்தேன், அந்த நம்பர் இன்னும் எல்லார்கிட்டயும் சுத்துது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன். இது தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு மட்டும். தேதி, டாக்குமெண்ட் லிஸ்ட் எல்லாம் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், அத மட்டும் அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. ஸ்க்ரீன்ல காலேஜ் பேர் வந்த உடனே பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஸ்வீட் குடுத்துடறாங்க. அது தற்காலிக ஒதுக்கீடுதான். சாய்ஸ் போட்டு முடிச்ச அப்புறம் வர்றது, அத உறுதி பண்ண ரெண்டு நாள்தான் டைம் தருவாங்க. அந்த ரெண்டு நாள்ல ஒண்ணுமே அமுக்காம விட்டா சீட் போச்சு, அவ்ளோதான். கரண்ட் இல்ல, அப்பா வெளியூர்ல இருந்தாரு, ஓடிபி வர்ற போன்ல சார்ஜ் இல்லன்னு அப்புறம் வந்து நின்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஓடிபி வர்ற நம்பர் யார் கைல இருக்குன்னு முன்னாடியே பாத்து வைங்க.

இப்ப அந்த ஆப்ஷன் கதை. மொதல்ல "ஏத்துக்கிட்டு சேந்துடறேன்". இந்த காலேஜ், இந்த கோர்ஸ் போதும்னா இத அமுக்கு. ஆர்டர டவுன்லோட் பண்ணிட்டு, அதுல போட்டிருக்கிற தேதிக்குள்ள நேரா காலேஜுக்குப் போய் ஃபீஸ் கட்டி சேரணும். தேதி தாண்டிட்டா அந்த சீட்டக் காலின்னு எடுத்து மேல போகக் காத்திருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவாங்க. காலேஜுக்காரங்க பணம் வாங்கிட்டாங்கன்னு மட்டும் திருப்திப்படாதீங்க, நீங்க சேந்துட்டீங்கன்னு போர்ட்டல்ல ஏத்துனாங்களான்னு நின்னு பாத்துட்டு வாங்க, ரசீது கையில இருந்தாலும்.

ரெண்டாவது "ஏத்துக்கறேன், ஆனா மேல கிடைச்சா போறேன்", எல்லாரும் அப்வர்டுன்னு சொல்றது. இதுலதான் ஜனங்க அடிபடுறாங்க. இத அமுக்கினவங்க காலேஜுக்குப் போக வேணாம், பக்கத்துல இருக்கிற டி.எஃப்.சி.ல, அதான் கவுன்சிலிங் உதவி மையத்துல, சொன்ன தேதிக்குள்ள பணம் கட்டணும். அப்புறம் யாராவது சேராம விட்டு, உங்க லிஸ்ட்ல இப்ப கிடைச்சதுக்கு மேல நீங்க போட்டு வச்ச ஏதாவது காலியாச்சுன்னா அது உங்களுக்கு வரும். வந்துட்டா பழைய சீட் தானா போயிடும், "எனக்கு பழசே இருக்கட்டும்"னு திரும்பி வர முடியாது. மேல எதுவும் கிடைக்கலன்னா பழைய சீட் அப்படியே உங்களுக்கு நிக்கும், பயம் வேணாம்.

எங்க தெருப் பையன் ஒருத்தன், சாய்ஸ் போடும்போது யாரோ சொன்னாங்கன்னு நம்பர் நிறையட்டும்னு தூரத்துல இருக்கிற ஒரு காலேஜ அஞ்சாவதா போட்டு வச்சிருக்கான், கிடைச்சது எட்டாவது சாய்ஸ், வீட்டுல இருந்து பஸ்ல முக்கா மணி நேரம், அவனுக்கும் புடிச்சதுதான், ஆனா முதல் சாய்ஸுக்கு ஆசைப்பட்டு அப்வர்ட அமுக்கிட்டான். வந்தது அஞ்சாவது. வீட்டுல ஹாஸ்டல் கட்டற மாதிரி வசதி இல்ல. அவங்கம்மா அன்னிக்கி அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. அப்வர்டு அமுக்கறதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட எடுத்து வச்சு, இப்ப கிடைச்சதுக்கு மேல இருக்கிற ஒவ்வொண்ணையும் விரல் வச்சுப் பாருங்க, இதுல எது வந்தாலும் நிஜமாவே போவோமான்னு. ஒண்ணே ஒண்ணுக்கு "ஐயோ வேணாம்"னு தோணுனாலும் யோசிங்க, ஏன்னா அந்த லிஸ்ட்ல இருந்து அத மட்டும் இப்ப எடுக்க முடியாது, புதுசாவும் சேர்க்க முடியாது.

மூணாவது, கிடைச்சது வேணாம் மேல மட்டும் பாக்கறேன். நாலாவது, வேணாம் அடுத்த ரவுண்டுக்குப் போறேன். அஞ்சாவது, வேணாம் கவுன்சிலிங்க விட்டே போறேன். இந்த மூணுலயும் கையில இருக்கறது போயிடும்ங்கறது ஞாபகம் இருக்கட்டும். கடைசி ரவுண்டுல இருக்கிறவங்களுக்கு அடுத்த ரவுண்டே கிடையாது. நீட் ரிசல்ட்ட நம்பி "குவிட்", அதான் அந்த அஞ்சாவது, குடுத்துட்டு ரெண்டும் இல்லாம நின்ன பசங்களப் பாத்திருக்கேன், கையில ஒரு சீட்ட வச்சுக்கிட்டே அந்தப் பக்கம் பாக்கறதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா விட்டுட்டுப் போனா ஃபீஸ் திரும்ப வாங்க விதி இருக்கு, கீழ சொல்றேன்.

அடுத்து எல்லா அப்பாவும் கேக்கறது: மொத்தம் எவ்ளோ ஆகும்? தனியார் காலேஜுக்கு கமிட்டி வச்சு ஃபீஸ் நிர்ணயம் பண்றாங்க. 2017-ல போட்டது கவர்மெண்ட் கோட்டா சீட்டுக்கு வருஷத்துக்கு 50,000, அக்ரிடிடேஷன், அதான் தரச் சான்று, வாங்கின கோர்ஸ்னா 55,000. மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு 85,000-மும் 87,000-மும். உங்க வருஷத்துக்கு ஆர்டர்ல எவ்ளோ போட்டிருக்கோ அதப் பாருங்க, ஆனா கணக்கு எப்படின்னா ட்யூஷன், லேப், லைப்ரரி, ஸ்போர்ட்ஸ் எல்லாம் அந்த தொகைக்குள்ளயே அடங்கும். ஹாஸ்டல், மெஸ், பஸ் தனி. "டெவலப்மெண்ட்", "பிளேஸ்மெண்ட் ட்ரெய்னிங்"னு ஒரு சீட்டு நீட்டுனா இது எதுல வருதுன்னு ரசீதுல எழுதித் தரச் சொல்லுங்க, பாதி இடத்துல அங்கயே பேச்சு மாறும். நன்கொடைன்னு தனியா வாங்கறது 1992-ல இருந்தே தமிழ்நாட்டுச் சட்டப்படி தப்பு.

இங்கதான் நான் ரொம்ப நாளா கத்திக்கிட்டு இருக்கிற விஷயம் வருது. கவர்மெண்ட் சலுகை பெரும்பாலும் உங்க மார்க்குக்கோ ஜாதிக்கோ மட்டும் வர்றதில்ல, நீங்க எந்த வாசல் வழியா அந்த காலேஜுக்குள்ள போறீங்கங்கறதுக்கும் சேத்துத்தான் வருது. ஏஜெண்ட் போன் பண்ணி "கவுன்சிலிங்குக்கு எதுக்கு வெயிட் பண்றீங்க, அதே காலேஜ் அதே கோர்ஸ், இப்பவே அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னு சொல்றப்போ வித்தியாசம் முப்பதாயிரம்தானேன்னு நினைக்கறாங்க. இல்லங்க. அது மேனேஜ்மெண்ட் கோட்டா வாசல், அதுல போனா முதல் பட்டதாரி சலுகை கிடையாது, கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது, சென்ட்ரல் விதிப்படி மேனேஜ்மெண்ட் கோட்டால சேந்தவங்களுக்கு எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. நாலு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க.

முதல் பட்டதாரி சலுகைய எடுத்துக்குவோம். 2010-ல இருந்து இருக்கு. எந்த ஜாதியா இருந்தாலும் சரி, வருமான வரம்பும் கிடையாது, இது பலருக்கு நம்பவே முடியல. கவுன்சிலிங் வழியா சேந்தா ட்யூஷன் ஃபீஸ கவர்மெண்ட் குறிப்பிட்ட வரம்பு வரைக்கும் பாத்துக்கும். நிபந்தனை ஒண்ணுதான், வீட்டுல யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. அப்பா அம்மா அண்ணன் அக்கா மட்டும் இல்ல, தாத்தா பாட்டியையும் விசாரிப்பாங்க. "அக்கா பி.எஸ்சி. முடிச்சா, ஆனா அவ இந்தச் சலுகையே வாங்கலண்ணா, எனக்குக் கிடைக்குமா?" கிடைக்காதும்மா. அக்கா முடிச்சிட்டாலே நீ முதல் பட்டதாரி இல்ல. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். சர்டிபிகேட் இ-சேவைல 60 ரூபாய், ஆனா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு தாண்டி வரணும், அதுக்கு நாளாகும். கவுன்சிலிங் அப்ளிகேஷன்லயே ஏத்தி வெரிஃபிகேஷன்ல ஒத்துக்கிட்டாங்களான்னு பாத்துக்கணும், சீட் வந்த அப்புறம் ஓடறது வேஸ்ட்.

7.5 சதவீதம் இன்னும் பெருசு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு 2021 சட்டப்படி தனி ஒதுக்கீடு. மாநகராட்சி, நகராட்சி, ஆதி திராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதுல அடக்கம், எய்டட் ஸ்கூல் கிடையாது. எட்டாவது வரைக்கும் ஆர்.டி.இ.ல, அதான் கட்டாயக் கல்விச் சட்டத்து இலவச சீட்ல, தனியார் ஸ்கூல்ல படிச்சிட்டு ஒம்பதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வந்தவங்களுக்கும் உண்டு. இதுல சேந்தா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் மொத்தமும் கவர்மெண்ட் கட்டும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, நல்லாக் கவனிங்க. கவர்மெண்ட் ஸ்கூல் பசங்க பொதுக் கவுன்சிலிங்லயும் கலந்துக்கலாம், 7.5-லயும் கலந்துக்கலாம். ரெண்டுலயும் சீட் வரலாம். ஃபீஸ் மொத்தமும் இலவசம்ங்கறது 7.5-ல எடுத்த சீட்டுக்கு மட்டும்தான். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சேங்கறதுக்காக பொதுவுல எடுத்த சீட்டுக்கும் வராது. போன வருஷம் ஒரு பொண்ணு கேட்டா, பொதுவுல கொஞ்சம் பேர் இருக்கிற காலேஜ், 7.5-ல அதவிட ஒரு படி கம்மியான காலேஜ், எத எடுக்கன்னு. நான் என் மனசுல பட்டதச் சொன்னேன், வீட்டுல லோன் போட்டாதான் முடியும்னா 7.5-ஐ எடு, லோன் இல்லாம முடிக்கற டிகிரிக்கு மதிப்பே தனி. ஒத்துக்காதவங்க இருப்பாங்க, இருக்கட்டும்.

எஸ்.சி., எஸ்.டி., கிறிஸ்தவ ஆதி திராவிடர் பசங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். இதுல எஸ்.சி. பசங்களுக்கு 60 சதவீதம் சென்ட்ரல், 40 சதவீதம் ஸ்டேட். 2021-ல மாத்தின விதிப்படி சென்ட்ரல் பங்கு நேரா பையனோட பேங்க் அக்கவுண்டுக்கே வருது, ஆதார் இணைச்ச அக்கவுண்டா இருக்கணும். அது வந்த உடனே வீட்டுல சந்தோஷமா ஒரு பைக் அட்வான்ஸ் கட்டிடறாங்க, அப்புறம் காலேஜ்ல ஃபீஸ் பாக்கின்னு நிக்க வைக்கறாங்க. அது காலேஜுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் பணம்தான், உங்க கை வழியாப் போகுது, அவ்ளோதான். அதே சமயம், தகுதி இருக்கிற பையன்கிட்ட சேரும்போதே முழு ஃபீஸையும் கட்டுன்னு கேக்கறதும் தப்பு, அதுக்குத்தான் முன்கூட்டி ஃபீஸ் கட்டாமலே சேர ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும், பழசத் தூக்கிட்டுப் போகாதீங்க.

இதெல்லாம் இல்லாம மாசம் ஆயிரம் ரூபாய் திட்டம். பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும், இல்லன்னா எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்சிருக்கணும். வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதுவும் வரும். காலேஜ் வழியாத்தான் அப்ளை பண்ணணும், யு.எம்.ஐ.எஸ். நம்பர், அதான் காலேஜ் பசங்களுக்கு கவர்மெண்ட் போர்ட்டல்ல போடற நம்பர், போட்டாங்களான்னு முதல் மாசத்துலயே ஆஃபீஸ்ல போய் நச்சரிங்க.

பேங்க் லோன் பத்தி சுருக்கமா. நாலு லட்சம் வரைக்கும் எந்த பேங்கும் சொத்து அடமானம் கேக்கக் கூடாது. வீட்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா, இன்ஜினியரிங் மாதிரி கோர்ஸுக்கு படிக்கிற காலத்து வட்டிய சென்ட்ரல் ஏத்துக்கற திட்டம் இருக்கு, மேனேஜர் தானா சொல்ல மாட்டாரு, நீங்கதான் கேக்கணும். 2024 நவம்பர்ல ஒப்புதல் குடுத்த பி.எம். வித்யாலக்ஷ்மி லோன் திட்டம் வேற, அது லிஸ்ட்ல இருக்கிற காலேஜுக்கு மட்டும், அங்கயும் மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கிடையாது. பாத்தீங்களா, மறுபடியும் அதே வாசல்.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயம். காலேஜ்ல வாங்கிப் பாத்துட்டுத் திருப்பித் தரணும், நாலு வருஷம் பூட்டி வச்சுக்க அவங்களுக்கு உரிமை இல்ல, பல்கலைக்கழகங்களப் பாத்துக்கற யு.ஜி.சி.யும் இன்ஜினியரிங் படிப்பப் பாத்துக்கற ஏ.ஐ.சி.டி.இ.யும் ரெண்டுமே இதச் சொல்லுது. எந்தக் காரணத்துக்காகவாவது அங்க வச்சிட்டு வந்தீங்கன்னா என்னென்ன குடுத்தீங்கன்னு லிஸ்ட் போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கலர்ல ஸ்கேன் பண்ணி, உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க.

சேந்துட்டு வேணாம்னா? ஏ.ஐ.சி.டி.இ. அந்த வருஷ காலண்டர்ல ஒரு தேதி போடும், அதுக்குள்ள விலகினா கட்டின ஃபீஸ்ல அதிகபட்சம் 1,000 ரூபாய் புடிச்சிட்டு மீதி தரணும். அந்தத் தேதிக்கு அப்புறம் போயி, அந்த சீட்ல கடைசி நாளுக்குள்ள வேற ஆள் சேந்துட்டா, படிச்ச மாசத்துக்கு ஏத்த மாதிரி கழிச்சுக்கிட்டுத் தரணும். பணமும் சர்டிபிகேட்டும் ஏழு நாள்ல குடுக்கணும்ங்கறது விதி. எப்ப விலகினாலும் "மீதி மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோ"ன்னு கேக்கவே கூடாது, இத ஒரு தடவ லெட்டர்ல எழுதிக் குடுங்க, வாயால சொன்னா வேலைக்கு ஆகாது. ஆர்ட்ஸ் காலேஜ்னா யு.ஜி.சி. கணக்கு வேற, அங்க எவ்ளோ லேட் பண்றீங்களோ அதுக்கேத்த மாதிரி சதவீதம் குறையும், கடைசித் தேதி தாண்டி முப்பது நாளாச்சுன்னா ஒண்ணும் வராது.

ஹாஸ்டல் கட்ட முடியாதவங்க கவர்மெண்ட் ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணுங்க, 2025-ல சமூக நீதி விடுதின்னு பேர் மாத்தினாங்க. சாப்பாடு, தங்கறது இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதின்னா வீடு காலேஜ்ல இருந்து எட்டு கிலோமீட்டராவது தள்ளி இருக்கணும், பொண்ணுங்களுக்கு இந்த தூரக் கணக்கு கிடையாது. இடம் சீக்கிரம் நிறைஞ்சிடும். ராகிங் பயம் இருக்கிறவங்க 1800-180-5522 நம்பர போன்ல சேவ் பண்ணிக்கோங்க, எந்நேரமும் எடுப்பாங்க.

ஒரு ரவுண்டுலயும் சீட் வரலன்னாலும் உடனே ஏஜெண்ட் வீட்டுக்கு ஓடாதீங்க, துணைக் கவுன்சிலிங் வரும். இன்னும் சந்தேகம்னா கூப்பிடுங்க, ராத்திரி பத்துக்கு முன்னாடி. வாட்ஸப்புல ஆர்டர் அனுப்புறவங்க முழுப் பக்கமும் தெரியற மாதிரி அனுப்புங்கப்பா, எல்லாரும் காலேஜ் பேர் இருக்கிற இடத்த மட்டும் கட் பண்ணி அனுப்புறீங்க, எனக்கு வேண்டியது கீழ இருக்கிற கடைசித் தேதி.