ஆனி மாதத்து இளைப்பு

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்ததும் குற்றாலத்தில் கூட்டம் சேரும். என் கிளினிக்கிலும் சேரும். "சாரல் ஒத்துக்கலை டாக்டர்" என்றுதான் எல்லோரும் பேச்சை எடுப்பார்கள்.

போன வருடம் புளியரையிலிருந்து ஒரு அண்ணாச்சியை மகன் ஆட்டோவில் தூக்கிவந்தார். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. சிறு வயதிலிருந்தே இளைப்பு, அதன்மேல் முப்பது வருடப் பீடி. ஆஸ்துமாவில் சுருங்கும் மூச்சுக்குழாய் மருந்துக்குப் பெரும்பாலும் விரிந்துகொடுக்கும். புகையால் வருகிற சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அடைப்பு முழுதாக விலகாது. இவருக்கு இரண்டும் உண்டு. பீடியைத் தொடாமலே விறகடுப்புப் புகையில் இந்த நிலைக்கு வந்த ஆச்சிகளும் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டும் சேர்ந்தவர்களுக்கு நோய் அடிக்கடி முற்றும். 2014இல் ஆஸ்துமாவுக்கான ஜினா, சிஓபிடிக்கான கோல்ட் என்ற இரண்டு சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து இதற்குத் தனிப்பெயரே வைத்தன. 2020இல் கோல்ட் அந்தப் பெயரை விட்டுவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு நோய், அவ்வளவுதான் என்றது. பெயர் எப்படியும் போகட்டும். ஆஸ்துமா இருக்கிறதென்றால் ஸ்டீராய்டு கலந்த பம்பு, அதாவது இன்ஹேலர், கட்டாயம்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் இருந்தது நீல பம்பு மட்டும். ஸ்டீராய்டு பம்பு சித்திரையிலேயே தீர்ந்துவிட்டது. "வெயில்ல நல்லாத்தான இருந்தேன், பம்பு பழகிப்போயிரும்னாங்க" என்றார் பிறகு. நீல பம்பு குழாயைச் சில மணி நேரம் விரிக்கும். உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. இரண்டு மாதமாக வீக்கம் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. சாரலோடு வந்த சளிக்காய்ச்சல் மிச்சத்தைச் செய்தது. அப்போதும் ஐந்து நாள் அவகாசம் இருந்தது: நாளைக்கு இரண்டு முறை அடித்த நீல பம்பு ஆறு முறை ஆனது, சளி மஞ்சளானது, ராத்திரி படுக்க முடியவில்லை. முதல் நாளே வந்திருந்தால் நெபுலைசரும் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையுமாக முடிந்திருக்கும்.

வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷினை முழு வேகத்தில் வைத்திருக்கிறார்கள். சிஓபிடிக்காரருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். அதற்குமேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி ஆள் மயங்கிப்போகலாம். வந்தபோது அவர் கண் சொருகிக்கொண்டிருந்ததற்கு நான் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான்.

எல்லை ஊர்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே ஒரு டாக்டர், ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூரில் ஒரு டாக்டர். அங்கே கண் அழுத்தத்துக்கு எழுதிய டிமோலால் சொட்டு மருந்தே சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். இங்கிருக்கும் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது. எங்கே போனாலும் எல்லாச் சீட்டையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

இந்த வருடம் வைகாசிக் கடைசியிலேயே அண்ணாச்சி வந்தார். பம்பில் எத்தனை பாக்கி என்று எண்ணைப் பார்த்துச் சொன்னார். ஸ்டீராய்டு பம்பு அடித்ததும் வாய் கொப்பளிக்கிறாராம். சரி, பீடி? "ரெண்டே ரெண்டுதான் டாக்டர்." நான் முறைத்தேன். அவர் மகனைப் பார்த்துச் சிரித்தார்.