நகராட்சிக் கடைக்கு வந்த நோட்டீஸ் நில எடுப்பு அல்ல

நகராட்சிக் கடையை வாடகைக்கு நடத்துகிறவர்களில் இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவர். கையில் நகராட்சி நோட்டீஸ், வாயில் அதே வாக்கியம்: "கடையைக் கையகப்படுத்துறாங்க சார், சந்தை மதிப்புக்கு இழப்பீடு வாங்கிக் கொடுங்க." பிரித்துப் பார்த்தால், குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, காலி செய்யவும் என்றிருக்கிறது. கையகப்படுத்துதல் என்ற சொல்லே அதில் இல்லை.

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நிலம் எடுக்கும், அதாவது கையகப்படுத்தும், அதிகாரம் அரசுடையது. தனியார் நிலம் வேண்டுமென்றால் நகராட்சியும் அரசிடம்தான் போய் நிற்க வேண்டும். கலெக்டர் வழியாகத்தான் எடுப்பு நடக்கும். சொந்த நிலத்தை யாரும் 'எடுப்பதில்லை'. அரசுக்கு ஏற்கெனவே உள்ள உரிமை எடுப்புக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே சொல்லிவிட்டது. ஆகவே உங்களுக்கும் நகராட்சிக்கும் நடுவில் இருப்பது குத்தகைப் பத்திரம் மட்டும். புதுப்பிக்க ஷரத்து உண்டா, இடையில் ரத்து செய்ய எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பத்திரம் எங்கே என்றால் பாதிப் பேர் வாடகை ரசீதை நீட்டுகிறார்கள். ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துகிறவர் வேறொருவர் என்றால் அந்த ரசீதிலும் உங்கள் பெயர் இருக்காது. நீண்ட நாள் அனுபவித்ததாலேயே இடம் தனக்கு உரிமை என்று, "இருபது வருஷ அனுபவ பாத்தியம்" பேசுகிறவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. நீங்கள் கட்டிய வாடகைதானே ஐயா இடம் உங்களுடையதல்ல என்பதற்குச் சாட்சி!

அதற்காக, இடம் தன்னுடையது என்று நகராட்சி பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் போட முடியாது. பஞ்சாபில் அரசு நிலத்தில் அனுமதியோடு தர்மசாலை கட்டி நடத்தியவர்களை வெறும் நிர்வாக உத்தரவால் வெளியேற்றியதை 1961-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1975-ஆம் ஆண்டின் பொது இடங்கள் சட்டம் இருக்கிறது: காரணம் கேட்டு நோட்டீஸ், விசாரணை, எழுத்தில் உத்தரவு. விசாரணைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறகு அழாதீர்கள்.

நிஜமான எடுப்பும் உண்டு. உங்கள் கடை நிற்கும் நகராட்சி நிலம் தேசிய நெடுஞ்சாலைக்குப் போகிறது என்று வையுங்கள். மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்துக்கு நீங்களும் இழப்பீட்டில் பங்கு கேட்கலாம். 2013 நில எடுப்புச் சட்டப்படி ஆட்சேபணைக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலோ வெறும் 21 நாள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.

தயவுசெய்து நோட்டீஸை உறையோடு கொண்டுவாருங்கள். அது என்று கிடைத்தது என்ற தகராறு வந்தால் உறைமேல் இருக்கும் தபால் முத்திரைதான் கைகொடுக்கும். மூன்றாவதாக வந்தவர் உறையில் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டிருந்தார்.