‘மாதிரி மீட்புப் பை’ எதை மீட்கிறது?

துளைவழி மார்பு அறுவையில் வெட்டிய திசுவை வெளியே எடுக்க ஒரு பை உண்டு; ஆங்கிலத்தில் ‘ஸ்பெசிமென் ரிட்ரீவல் பேக்’. அதற்குத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘மாதிரி மீட்புப் பை’ என்ற தொடரை விடுவதாக இல்லை. மூன்று சொல்லில் பை மட்டும்தான் சரி.

‘ஸ்பெசிமென்’ என்பது இலத்தீனில் ‘பார்’ என்னும் வினையிலிருந்து வந்தது. பார்த்து அறிய உதவும் அடையாளம் என்பது பழைய பொருள். அறுவை அரங்கில் அது உடலிலிருந்து வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் திசு. கடுகளவும் இருக்கலாம், நுரையீரலின் ஒரு முழு மடலாகவும் இருக்கலாம்.

இங்கேதான் ‘மாதிரி’ உதைக்கிறது. மாதிரி என்றால் மொத்தத்தில் கொஞ்சம். இரத்த மாதிரி, மண் மாதிரி, சரி. புற்றுநோய்க்காக மடல் முழுவதையும் எடுத்துவிட்டு ‘மாதிரி அகற்றப்பட்டது’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? சோதனைக்குக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள், கட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றுதானே?

‘மீட்பு’ அதைவிட மோசம். அடகு வைத்ததை மீட்கலாம், கடத்தப்பட்டவரை மீட்கலாம். நோயுற்ற திசுவை யாரிடமிருந்து மீட்பது? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பையின் வேலையைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். விலா எலும்புகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் கீறல் வழியாகத்தான் மடல் வெளியே வரவேண்டும். வெறுமனே இழுத்தால் புற்றுநோய்ச் செல்கள் கீறலின் ஓரத்தில் ஒட்டி, அங்கேயே புதிய கட்டி முளைக்கலாம். காசநோய் பிடித்த திசுவென்றால் கிருமி பரவலாம். அதனால் சுருட்டிய பையை உள்ளே விட்டு, விரித்து, திசுவை அதற்குள் தள்ளி, வாய்க்கயிற்றை இறுக்கி, மெதுவாக அசைத்து அசைத்து எடுக்கிறார்கள். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பை கிழியும். திசு சிதைந்துவிட்டால், வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று நோயியல் வல்லுநரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘திசுப்பை’ என்கிறார்கள். சுருக்கம்தான். ஆனால் இரைப்பை, பித்தப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை என்று பழகிய காதுக்கு அதுவும் ஓர் உறுப்பாகத்தான் கேட்கும். ‘திசுப்பை வெளியே எடுக்கப்பட்டது’ என்று அறிக்கையில் படித்தால் எனக்கே வயிறு கலங்கும்.

‘கட்டியை எடுத்துட்டாங்க’ என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அந்த ‘எடு’ போதும். ஸ்பெசிமெனுக்கு ‘எடுத்த திசு’, பைக்கு ‘திசு எடுக்கும் பை’. கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லையே என்பார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுபவருக்குக் கம்பீரம் எதற்கு? சோதனைக்குக் கிள்ளி எடுப்பதை மட்டும் ‘திசு மாதிரி’ என்று சொல்லிக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.