பஸ் ஏன் நின்றது?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி தாண்டியிருக்கும். கிளிநொச்சியில் ஏ9 வீதி. எனது எல் போட் காரில் ஒரு தங்கச்சி ஓடப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஐந்தாவது வகுப்பு. முன்னால் போன பஸ், ஆட்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவைக்குச் சற்று முன்னால் நின்றது. தங்கச்சி வலது சிக்னலைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கினார். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிறேக் இருக்கிறது. அதை அமத்தினேன். "ஏன் அண்ணை?" என்று அவர் கேட்கும்போதே எங்களுக்கு வலப்பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது பஸ்ஸின் முன்மூலையைத் தாண்டியதும் சத்தம் கேட்டது.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்துக்கொண்டு வந்தவர். நாங்கள் ஓடிப் போனபோது கோட்டின் மேலேயே ஒருக்களித்துக் கிடந்தார். குளிசைப் பைகள் சிதறி, ஒன்று கிழிந்து, வெள்ளைக் குளிசைகள் தாரில் உருண்டு கிடந்தன. கால் அசையவில்லை. ஆனால் அவர் கேட்டது கிளினிக் கொப்பியை. "என்ர கொப்பியை எடுத்துத் தா பிள்ளை" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு அறிந்தேன்.

மோட்டார் சைக்கிள் பெடியன் கை நடுங்க நின்றான். குடித்திருக்கவில்லை. போன் பார்க்கவில்லை. தலைக்கவசமும் போட்டிருந்தான். அவன் சொன்னது ஒரே வசனம்: "பஸ் ஆள் இறக்குது எண்டு நினைச்சன் அண்ணை."

பதினாறு வருடமாக வாகனம் ஓடப் பழக்குகிறேன். இந்த வசனத்தை எத்தனை பேரின் வாயால் கேட்டுவிட்டேன்! அதனால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பஸ் எங்கே நிற்காது? மர நிழலில் ஒருவர் கை காட்டினால் நிற்கும். ஒழுங்கை முகப்பில் அரிசி மூட்டை இறக்க நிற்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வழியில் எத்தனை தரம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் பின்னால் வருபவர் விலத்திக்கொண்டு போகிறார். ஒன்றும் நடப்பதில்லை. இப்படியே பழகி, நின்ற பஸ் என்றால் விலத்திக்கொண்டு போகவேண்டிய பஸ் என்று கையும் காலும் தாமாகவே முடிவெடுக்கின்றன. யோசிக்க நேரமே கொடுப்பதில்லை.

சரி, மஞ்சள் கடவையில் அந்தப் பழக்கம் என்ன செய்கிறது? பஸ் சாரதி உயரத்தில் இருக்கிறார், கண்ணாடிக்கு நேரே ஆள் கடப்பதைப் பார்த்து நிற்கிறார். பின்னால் இருக்கும் உங்களுக்கு அந்த ஆள் தெரியமாட்டார். பஸ்ஸின் உடம்பு முழுக்க மறைத்துவிடும். கடப்பவருக்கும் உங்களைத் தெரியாது. பஸ் நின்றுவிட்டது, வழி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் அவர் நடையைக் கூட்டுவார். பஸ்ஸின் வலது முன்மூலையில் இருவரும் ஒரே செக்கனில் சந்திக்கிறீர்கள். அந்த இடத்தில் பிறேக் பிடிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மீற்றர். எந்தப் பிறேக்கும் அதற்குள் நிற்காது.

ஆகவே கடவைக்கு முன் ஒரு வாகனம் நின்றால், அது பஸ்ஸோ டிப்பரோ ஓட்டோவோ, அதற்கு முன்னால் ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இறக்கத்தான் நிற்கிறது என்று நூறு வீதம் தெரிந்தாலும் நில்லுங்கள். இறங்கியவர் அடுத்ததாக எங்கே போவார்? பஸ்ஸுக்கு முன்னால் வந்து கடவையால்தான் கடப்பார். முந்தக்கூடாத இடங்களில் மஞ்சள் கடவையும் ஒன்று என்று எழுத்துப் பரீட்சைக்கு எல்லோரும் பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் அது எங்கே போகிறதோ தெரியவில்லை.

இடப்பக்கத்தால் நுழைபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். பஸ்ஸுக்கும் வீதிக் கரைக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளை விட்டு எடுக்கிறீர்களே, மறுகரையிலிருந்து கடந்து வருபவர் கடைசி இரண்டு அடியை அங்கேதான் வைக்கிறார்.

வேகத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், காய்ந்த வீதியில், நல்ல டயரோடு, சாரதி கண்டதிலிருந்து முழுதாக நிற்கச் சுமார் 28 மீற்றர் எடுக்கும். அதே கார் 70இல் வந்தால் சுமார் 46 மீற்றர். 50இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில் 70இல் வந்தவர் இன்னும் 55க்கு மேல் போய்க்கொண்டிருப்பார். நகருக்கு வெளியே ஓடிய 70ஐ அப்படியே பரந்தன் சந்திக்குள்ளும் கொண்டுவருபவர்கள் இதை ஒரு தரம் மனதில் ஓட்டிப் பாருங்கள். மணல் ஏற்றிய டிப்பருக்கு இந்தக் கணக்குப் போதாது, இன்னும் தூரம் வேண்டும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் ஏ9இல் போகும் சாரதி குறைவு. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் போகிறோம். அங்கே யாரும் அவசரம் என்று சொல்வதில்லை. வயதான ஒருவர் கடவையைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு செக்கன் போதும். பிள்ளையாருக்கு நிற்கும் அதே கால், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நிற்கட்டும். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நிற்கும் நல்ல சாரதிகளுக்கும் இரண்டு வார்த்தை. கோட்டோடு ஒட்டி நிற்காதீர்கள். ஒரு கார் நீளம் முன்னதாகவே நில்லுங்கள், பின்னால் வருபவருக்கும் கடப்பவருக்கும் ஒருவரையொருவர் பார்க்க அந்த இடைவெளி வேண்டும். நிற்க முதல் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசையுங்கள். ஆனால் கடப்பவரைப் பார்த்து "வாங்கோ, வாங்கோ" என்று கை காட்டாதீர்கள். நல்ல மனதோடுதான் காட்டுகிறீர்கள். உங்கள் வாகனத்துக்கு நீங்கள் பொறுப்பு, பின்னால் வரும் ஹயஸ் வானுக்கு நீங்கள் பொறுப்புச் சொல்ல முடியாது.

இனிக் கடப்பவர்கள். அந்தக் கோடு உங்களுக்கு உரிமை தருகிறது, கவசம் தருவதில்லை. நின்ற வாகனத்தின் முன்மூலைக்கு வந்ததும் ஒரு தரம் நின்று, தலையை நீட்டி எட்டிப் பாருங்கள். பிறகு அடுத்த அடியை வையுங்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருடைய தலைமுறையை நான் குறை சொல்லவே மாட்டேன். போர்க் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வருவது அரிது. சைக்கிள்தான் வாகனம், ஓடிய சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. காப்பெற் வீதியும் இன்றைய வேகமும் 2009க்குப் பிறகு வந்தவை. சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இந்த வீதியைக் கடக்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு நாள் கூடப் போய், அந்த முன்மூலையைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளே, இங்கே எதிரே வரும் வாகனம் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். லண்டனில் பல சாரதிகள் "நீங்கள் போங்கள்" என்பதற்கு லைட் அடிப்பார்கள். அந்த நினைப்போடு இங்கே கால் வைக்காதீர்கள்.

பெற்றோரிடம் எனக்குக் கோபமே இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வீதியின் மறுபக்கத்தில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு, "இஞ்சால ஓடி வா" என்று பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள். கடவை இருபது அடி தள்ளி இருக்கும். சின்னப் பிள்ளைக்கு வாகனம் தூரத்தில் வருவது தெரியும், எவ்வளவு வேகமாக வருகிறது என்பது தெரியாது. அம்மாவின் குரல் கேட்டால் அது வீதியைப் பார்க்காது, அம்மாவைப் பார்த்துத்தான் ஓடும். இறங்குங்கள். நீங்கள் கடந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். சைக்கிளில் வரும் பெரிய பிள்ளைகள் கடவையில் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும், ஓடிக்கொண்டு போகக்கூடாது.

அந்தத் தங்கச்சி இனி வகுப்புக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்தார். கரடிப்போக்குப் பக்கம் ஒரு கடவைக்கு முன் பஸ் நின்றது. அவரும் நின்றார். பின்னால் ஒரு பட்டா லொறி விடாமல் ஹோன் அடித்தது. அவர் கையை வெளியே நீட்டியபடியே இருந்தார். என் பிறேக்கில் நான் கால் வைக்கவில்லை.

இன்னொரு விடயம். சில பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் கோடு தேய்ந்து, பக்கத்தில் வந்த பிறகுதான் கடவை என்றே தெரிகிறது. அதிபர்களும் கோயில் பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு கடிதம் எழுதலாம். கிட்ட இருக்கும் கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைக் குறிப்பிடுங்கள், பகலில் ஒன்றும் இருட்டியபின் ஒன்றுமாக இரண்டு படம் இணையுங்கள், பிரதி ஒன்றைப் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் கொடுங்கள். எழுதுவது சிரமம் என்றால் படத்தோடு என்னிடம் வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.