குத்து வாங்கிய கையோடு குதிரையை நகர்த்துவது

மூன்று நிமிடம் குத்துச்சண்டை போட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கையுறையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, செஸ் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இதுதான் செஸ் பாக்ஸிங்.

என்கி பிலால் என்ற ஓவியர் 1992இல் ஒரு சித்திரக்கதையில் இதைக் கற்பனையாக வரைந்தார். நெதர்லாந்துக் கலைஞர் ஈப்பே ரூபிங் 2003இல் அதை நிஜ விளையாட்டாக்கினார். மொத்தம் 11 சுற்று: ஆறு செஸ், ஐந்து பாக்ஸிங். செஸ்ஸில் தொடங்கி செஸ்ஸில் முடியும். செக்மேட், நாக் அவுட் இரண்டில் எது முதலில் வந்தாலும் ஆட்டம் முடிந்தது. செஸ் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தாலும் தோல்விதான். கூட்டத்திலிருந்து யாரும் யோசனை சொல்லிவிடக் கூடாதென்று, செஸ் சுற்றில் இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் உயிர் நடுவில் வரும் அந்த ஒரு நிமிட இடைவேளையில்தான் இருக்கிறது.

குத்துச்சண்டையில் இதயம் நிமிடத்துக்கு 170, 180 முறை கூடத் துடிக்கும். ரத்தத்தில் அட்ரினலின் ஏறியிருக்கும். மூளைக்குள்ளும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் கூடும். அது அளவோடு இருந்தால் கவனம் கூர்மையாகும். அளவை மீறினால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி தடுமாறும். ‘நான் இங்கே வைத்தால் அவர் அங்கே வைப்பார், அப்புறம் நான்...’ என்று காய்களை மனத்துக்குள் நகர்த்திப் பார்க்க உதவுவது அந்தப் பகுதிதான். ஆபத்து வந்தால் உடனே ஓடு அல்லது அடி என்பது உடம்பின் பழைய ஏற்பாடு. நான்கு நகர்வு தாண்டி யோசிக்க அங்கே இடமில்லை.

அப்படியென்றால் அடி வாங்கியவரால் எப்படி செஸ் ஆட முடிகிறது? நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொரு நகர்வையும் கணக்குப் போட்டு ஆடுவதில்லை. பலகையைப் பார்த்ததுமே, பழகிய முகத்தை அடையாளம் காண்பதுபோல, காய்களின் அமைப்பு அவருக்குப் புரிந்துவிடுகிறது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில நொடி காட்டினால் போதும், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். கன்னாபின்னாவென்று அடுக்கிக் காட்டினால் அந்தத் திறமை ஏறக்குறைய காணாமல் போய்விடும். இந்த அமைப்புகள் நீண்டகால நினைவில் ஊறிப்போனவை. கணக்குப் போடும் மூளை திணறும்போதும் இவை கைகொடுக்கின்றன.

உடம்பின் பங்கு இதயத் துடிப்பை இறக்குவது. ‘வேகஸ்’ நரம்பு இதயத்துக்கு பிரேக் போலச் செயல்படுகிறது. தொடர்ந்து பயிற்சி செய்தவருக்கு, சண்டை நின்ற முதல் நிமிடத்திலேயே துடிப்பு மளமளவென்று இறங்கும். மூச்சை மெதுவாக நீட்டி விடுவதும் இதற்கு உதவும். அதனால்தான் இவர்கள் பயிற்சியிலேயே வேகமாக ஓடிவிட்டு உடனே செஸ் ஆடுகிறார்கள். அந்த மாற்றத்துக்கு உடம்பு பழக வேண்டும்.

குத்துச்சண்டையில் வல்லவர் செஸ்ஸில் தோற்காமல் தள்ளிப்போடப் பார்ப்பார். செஸ்ஸில் வல்லவர் அடுத்த மணி அடிக்கும் முன் முடிக்கப் பார்ப்பார். வேண்டுமென்றே காயைத் தொடாமல் இருந்தால் நடுவர் எச்சரிப்பார். தவிர, கடிகாரம் வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது.

2003இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த முதல் உலகப் பட்டப் போட்டியில் ரூபிங்கே களமிறங்கினார். அங்கே நாக் அவுட்டும் இல்லை, செக்மேட்டும் இல்லை. பதினோராவது சுற்றில் எதிராளியின் கடிகாரம் தீர்ந்துபோனது.